கோம்பை நாய்க்குச் சோற்றில் உப்பு போடலாமா?

போடிப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் இந்தப் பேச்சு நிச்சயம் இருக்கும்: “சோத்துல உப்பு போட்றாதீங்க, முடி கொட்டிரும், சொறி பிடிச்சிரும்.” டீ ஆறுவதற்குள் இதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

சொறியைக் கொண்டுவருவது தோலுக்குள் குடியேறும், கண்ணுக்குத் தெரியாத பூச்சி. முடி கொட்ட உண்ணி, தெள்ளுப்பூச்சி, பூஞ்சை என்று வேறு காரணங்களும் உண்டு. உப்பை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் அந்த ஜீவன் சொறிந்துகொண்டேதான் கிடக்கும். அதற்கு வேண்டியது வைத்தியம்.

உப்பிலிருக்கும் சோடியம் நாய்க்கும் வேண்டும். ரத்தத்தில் நீரைத் தக்கவைப்பது, நரம்பில் சேதி ஓடவைப்பது, தசையைச் சுருங்கவைப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. போடிக்குத் தெற்கே மலையடிவாரத்துக் கோம்பை ஊர்ப் பெயரைத் தாங்கிய நாய், வேலியோரச் சலசலப்புக்குக் காதை நிமிர்த்துகிறதே, அந்தக் கணத்திலும் சோடியம் வேலை செய்கிறது.

எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006-ல் சொன்ன கணக்குப்படி, 1,000 கிலோ கலோரி உணவுக்கு 200 மில்லிகிராம் சோடியம். 20 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அரை கிராம் உப்புக்குச் சற்று மேல். டீஸ்பூனில் பத்தில் ஒரு பங்கு. ஏலத்தோட்டத்தில் களையெடுக்கிறவருக்கு வியர்வையில் உப்பு போகிறது. நாய்க்கு வியர்ப்பது முக்கியமாக உள்ளங்காலில்தான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்தே சூட்டை இறக்கிக்கொள்ளும். அதில் போவது பெரும்பாலும் தண்ணீர். வெயிலில் ஓடிவந்த நாய்க்குத் தண்ணீர் வையுங்கள், போதும்.

அரிசிச் சோற்றில் சோடியம் இல்லையென்றே சொல்லலாம். 100 கிராம் கோழிக்கறியிலும் ஒரு முட்டையிலும் தலா 70 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. கறியும் முட்டையும் நன்றாகத் தின்கிற நாய்க்குத் தனியாகப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. வெறும் சோறே கதி என்றிருக்கும் நாய்க்கு ஒரு சிட்டிகை போடத் தயங்காதீர்கள். கருவாட்டுத் தலை வேறு சங்கதி. சிறுநீரகம் நன்றாக இருந்து, குடிக்கத் தண்ணீரும் இருந்தால் மிஞ்சிய உப்பு வெளியே போய்விடும். தண்ணீர்ச் சட்டி காய்ந்துகிடக்க, கட்டிப்போட்ட நாய்க்குக் கருவாடு போடுவது கொடுமை. இதய நோய் முற்றிய கிழ நாய்க்கு உப்பைக் குறைத்தே ஆகவேண்டும். சாம்பார் சோற்றிலோ உப்பைவிட வெங்காயத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிக்கும் நாளில் நாய் எதையாவது நக்கிவிட்டு நுரை தள்ளினால், வாந்தியெடுக்கட்டும் என்று உப்பைக் கரைத்து வாயில் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு 2 கிராம் உப்பே விஷமாகலாம், 4 கிராம் உயிரையே எடுக்கலாம். 10 கிலோ நாய்க்கு 20 கிராம் என்பது ஒரு கைக்குள் அடங்கிவிடும். வாந்தி வராமல் உப்பு உள்ளேயே தங்கினால், ரத்தத்தில் ஏறிய சோடியம் மூளையின் நீரை உறிஞ்சும். தள்ளாட்டமும் வலிப்பும் வரும். நடுங்குகிற நாய்க்குப் புகட்டினால் நுரையீரலுக்குள்ளும் இறங்கும்.

பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து போடிமெட்டு வளைவுகளில் இறங்கி மருத்துவரிடம் வர நேரமாகும், தெரியும். அதனால்தான் உப்புக்கு ஓடாமல் பூச்சிமருந்து டப்பாவை எடுக்கச் சொல்கிறேன். ஜீப் கிளம்பும்போதே கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு, லேபிளில் இருக்கும் பெயரைப் படித்துச் சொல்லுங்கள். அது ஆர்கனோபாஸ்பேட் வகையென்றால், நீங்கள் போய்ச் சேரும்போது அவர் அட்ரோபின் ஊசியைத் தயாராக வைத்திருக்கலாம்.