பென்னி ரெட்டில் ஒளிந்திருக்கும் எண்

வணிகரிடம் கலவையாக வாங்கும் பழைய தபால்தலைக் கட்டில் பிரிட்டனின் ‘பென்னி ரெட்’ கிடைத்தால், சாதாரணம்தானே என்று ஒதுக்கிவிடாதீர்கள், நேயர்களே! விக்டோரியா ராணியின் முகம் கொண்ட இந்தச் செந்நிறத் தபால்தலைகள் கோடிக்கணக்கில் அச்சானவை, பெரும்பாலும் மலிவுதான். ஆனால் நான்கு மூலைகளிலும் எழுத்து இருந்தால், பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு இடது, வலது ஓரத்து வேலைப்பாட்டை நிதானமாகப் பாருங்கள். அதற்குள் பொடிப்பொடியாக ஓர் எண் தெரியும். அச்சுத்தகட்டின் எண் அது. 1864 முதல் வெளிவந்த இந்த வரிசை 71இல் தொடங்கி 225 வரை போகிறது. 225 கிடைப்பதே அரிது. 77 என்றால் கதையே வேறு! தேறவில்லை என்று கைவிடப்பட்ட தகடு அது. தப்பித்தவறி வெளியே வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

அவசரப்பட்டுத் துள்ளவும் வேண்டாம். 177இல் முதல் எண்ணைச் சுரண்டியும், 73இல் கடைசி எண்ணைத் திருத்தியும் 77 ஆக்கிய போலிகள் உண்டு. நிபுணரின் சான்றிதழ் இல்லாமல் விலை பேசவே கூடாது. முத்திரை மை ஒரு பக்கத்து எண்ணை மறைத்திருந்தால், மறுபக்கம் பாருங்கள். அதே எண் அங்கேயும் இருக்கும்.