சவுதி நர்ஸ் வேலை: மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் உங்கள் ரெஸ்யூமில் எதைத் தேடுகிறார்?

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் வளைகுடா நாட்டில் நர்ஸாக இருக்கும் மகளோ மருமகளோ உள்ள வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் ஒரே காலேஜ், ஒரே பேட்ச், ஒரே அனுபவம் உள்ள இரண்டு பேர் விண்ணப்பித்தால் ஒருவருக்குத்தான் அழைப்பு வருகிறது. ஏன்?

ஆள் எடுக்கும் மருத்துவமனையின் இடத்தில் இருந்து பார்த்தால் விஷயம் புரியும். தேர்வான நர்ஸுக்கு விசா ஏற்பாடு செய்ய வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பும் பிரோமெட்ரிக் தேர்வும் முடிய வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகும். கடைசி நேரத்தில் ஒன்று தட்டினாலும் அந்த வார்டில் இடம் காலியாகவே கிடக்கும். அதனால் அவர்களுக்கு முதல் கேள்வி, 'இவர் திறமையானவரா?' என்பது அல்ல. 'இவர் உண்மையிலேயே வந்து சேருவாரா?' என்பதுதான்.

இங்கேதான் நம்ம ஊர் இனிஷியல் வில்லங்கம் செய்யும். மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, அனுபவச் சான்றிதழில் கல்யாணத்துக்குப் பிறகு மாறிய பெயர் என்று இருந்தால், பார்ப்பவருக்கு மூன்று பேர் மாதிரி தெரியும். விண்ணப்பிக்கும் முன்பே இதைச் சரிசெய்வது நல்லது.

அடுத்தது தேதிகள். சான்றிதழ்களை 'டேட்டாஃப்ளோ' என்ற நிறுவனம் அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுச் சரிபார்க்கும். வேலை பார்த்த சின்ன மருத்துவமனை அந்த மெயிலுக்குப் பதிலே போடாவிட்டால் உண்மையான அனுபவமும் பயன்படாது. முன்கூட்டியே அங்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இடையில் வேலை இல்லாத மாதங்கள் இருந்தால் பிரசவம், மேல்படிப்பு என்று காரணத்தை எழுதிவிடலாம். அதை மறைக்க "ரெண்டு வருஷம்னு போட்டுக்கலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுக்கு எந்த நஷ்டமும் இல்லை. போலி என்று அறிக்கை வந்தால் அது நர்ஸின் பெயரில்தான் பதிவாகும்.

'கடின உழைப்பாளி', 'குழுவாக இயங்குபவர்' போன்ற வரிகளை யாரும் படிப்பதில்லை. எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, ஒரு ஷிஃப்டில் எத்தனை நோயாளிகள், வென்டிலேட்டரை தனியாகக் கையாண்டது உண்டா என்பதைத்தான் தேடுவார்கள். ஐசியூவுக்கு ஆள் கேட்கும் இடத்துக்கு "ஜெனரல் நர்ஸ்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் பதில் வராததில் ஆச்சரியம் இல்லை.

சரி, எந்த வழியாக விண்ணப்பிப்பது? குடியேற்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்பும் பொறுப்பை 2015-ல் மத்திய அரசு, அரசு நிறுவனங்களிடம் கொடுத்தது. சவுதி, குவைத், ஓமன் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் அந்த வேலையைச் செய்வது 1978-ல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். மருத்துவமனை கேட்கும் பிரிவையும் அனுபவத்தையும் அதன் அறிவிப்புகளிலேயே பார்க்கலாம். ரெஸ்யூமை எழுதும் முன் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.