ஆளற்ற அமர்வு



2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாளில் மாத்தளை மாவட்டத்திலுள்ள எங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவர், வீட்டிலிருந்தபடியே, தொலைவிலிருந்த சேர்வர் எனப்படும் பொதுக் கணினியினுள் நுழைந்து, மாணவரின் புள்ளிப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்தார். திடீரென மின்சாரம் நின்றது. ஒரு மணி நேரத்தின் பின்னர், மின்சாரம் இருந்த வேறோரிடத்திலிருந்து நாங்கள் அதே பட்டியலைத் திறக்க முயன்றோம். இன்னொருவர் அதனைத் திருத்திக்கொண்டிருப்பதாகச் சேர்வர் அறிவித்தது. அந்த இன்னொருவரோ இருளில் அமர்ந்திருந்தார்!

உள்நுழைவதிலிருந்து வெளியேறும் வரையுள்ள காலத்தை ஓர் அமர்வு என்பர். முறைப்படி விடைபெற்றால் அமர்வு உடனே முடியும். மின்சாரம் நின்றவிடத்து விடைபெற வழியேது? சேர்வருக்குக் கிட்டுவது மௌனம் மட்டுமே; சிந்தனையில் ஆழ்ந்திருப்பவரின் மௌனமும் அவ்வாறே இருக்கும். லினக்ஸ் சேர்வர் வழக்கமாக 2 மணி நேரம் பொறுத்திருந்து, அதன் பின்னரே, "இருக்கிறீரா?" என்று 75 வினாடிக்கு ஒரு முறையாக 9 முறை வினாவும். இது சோம்பலன்று. சிறு தடங்கலுக்கெல்லாம் நல்ல இணைப்புகள் அறுந்துவிடலாகாது என்றே, 1989ஆம் ஆண்டின் இணைய விதி, 2 மணி நேரத்துக்குக் குறையாத பொறுமையை வழக்கமாக்கிற்று.

எனினும், புள்ளிப் பட்டியலுக்கு அத்துணைப் பொறுமை ஆகாது. தொலைநுழைவுக்குரிய ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில், 300 வினாடிக்கு ஒரு முறை வினாவுமாறும், 3 முறை விடை வராவிடின் இணைப்பை முடிக்குமாறும் அமைக்கலாம். அப்போது ஏறக்குறைய 15 நிமிடத்தில் ஆளற்ற அமர்வு அகன்றுவிடும்.

ஆனால், ஆசிரியர் கணினியை அணைக்காமல் அடுப்படிக்குச் சென்றுவிட்டாரெனின்? வினாவுக்கு அவர் விடை தரவேண்டியதில்லை. அவருடைய கணினியே தந்துவிடும். அவ்விருக்கையில் குறும்புக்கார மாணவன் ஒருவன் அமர்ந்தால் புள்ளிகளின் கதி யாது? கட்டளைக்காகக் காத்திருக்கும் திரை நெடுநேரம் தீண்டப்படாவிடின் தானே மூடிக்கொள்ளும்படி வேறொரு காலவரையறை வைத்தல் வேண்டும். இதுவும் முழுக் காப்பன்று. திருத்தும் மென்பொருள் திறந்திருக்கையில் அது இயங்காது.

இனி, நாமே ஓர் அமர்வை முடிக்கும் வழியைக் காண்போம். 'டபிள்யூ' என்ற ஓரெழுத்துக் கட்டளை, யார், எங்கிருந்து, எப்போது வந்தார், எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறார் என்பவற்றைக் காட்டும். சும்மா இருத்தல் என்பது விசைப்பலகை தொடப்படாமையே. நீண்ட கணிப்பொன்றைத் தொடக்கிவிட்டு அவர் காத்திருக்கவும் கூடும். ஆகவே என்ன வேலை நடக்கிறதென்று கடைசிப் பத்தியில் பார்த்து, இயலுமாயின் அவரை அழைத்துக் கேட்டுவிட்டே முடித்தல் முறை.

முடிப்பதிலும் இருவகை உண்டு. 'கில்' என்னும் வன்கட்டளை, எதையும் சேமிக்க அவகாசம் தராது. 'ஹேங்கப்' என்பதோ, தொலைபேசிக் கம்பி வழியே கணினிக்குள் நுழைந்த காலத்திலிருந்து வந்த பெயர்; வாங்கியைக் கீழே வைத்தல் என்பது அதன் பொருள். அதனைப் பெற்ற திருத்து மென்பொருள்கள் பலவும், எழுதியதைத் தனிக் கோப்பில் காத்துவிட்டு விலகும்.

அன்று நாங்கள் அந்த ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, அவருடைய இசைவு பெற்று, இரண்டாவது கட்டளையையே இட்டோம். அவர் திருத்திய 17 பெயர்களின் புள்ளிகளும் மீட்புக் கோப்பில் இருந்தன.