இருபது ஆண்டுகளில் ஏழு ஆண்டுக் கதை

ஜப்பானின் நிஹோன் ஃபால்காம் நிறுவனம் 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட 'ட்ரெயில்ஸ் இன் தி ஸ்கை' என்ற வீடியோ கேமில் தொடங்கிய கதை, 2024 செப்டம்பரில் அந்நாட்டில் வெளிவந்த பதின்மூன்றாம் பாகத்திலும் முடிவடையவில்லை. வெளியுலகில் இருபது ஆண்டுகள் கடந்துவிட்ட நிலையில், கதைக்குள் கடந்திருக்கும் காலம் ஏழே ஆண்டுகள்: ஆட்டத்தின் கற்பனை நாட்காட்டியில் 1202-இல் தொடங்கிய நிகழ்வுகள் இப்போதுதான் 1209-ஐ எட்டியுள்ளன. முதல் பாகத்தைப் பள்ளி மாணவராக ஆடியவர் இன்று நடுவயதை நெருங்கிக்கொண்டிருக்க, அதில் பதினாறு வயதினளாக அறிமுகமான கதாநாயகி இன்னும் இருபத்தைந்தைத் தொடவில்லை. இவ்வளவு மெதுவாக நகரும் ஒரு தொடர் இத்தனை காலம் தன் ரசிகர்களை எவ்வாறு பிடித்துவைத்திருக்கிறது என்பதும், அந்த நிதானம் எந்த இடத்தில் சலிப்பாக மாறுகிறது என்பதும் கதை சொல்லும் கலையில் அக்கறை கொண்டோர் எண்ணிப்பார்க்க வேண்டிய கேள்விகள்.

ஒரே கண்டம், ஒரே கதை

ரோல் பிளேயிங் கேம் எனப்படும் வகையில், ஆடுபவர் ஒரு கதாபாத்திரத்தின் இடத்தில் நின்று, ஊர்களில் உலவி, அங்குள்ளோரோடு பேசி, எதிரிகளோடு போரிட்டுக் கதையை முன்னகர்த்துகிறார். இவ்வகையில் பெரும் புகழ்பெற்ற 'ஃபைனல் ஃபேண்டஸி' தொடரில், எண்ணிட்ட ஒவ்வொரு பாகமும் பெரும்பாலும் புதிய உலகத்தையும் புதிய மாந்தரையும் கொண்டது. ஆகவே எந்தப் பாகத்திலும் ஒருவர் புதிதாகத் தொடங்கலாம். ட்ரெயில்ஸ் தொடரோ ஜெமூரியா என்ற ஒரே கண்டத்தை விட்டு நகர்வதில்லை. லிபர்ல் என்ற சிறிய முடியரசு, கிராஸ்பெல் என்ற நகர அரசு, எரபோனியா என்ற பேரரசு, கால்வார்ட் என்ற குடியரசு என நாட்டுக்கு நாடு களம் மாறினாலும், ஒரு பாகத்தில் ஏற்பட்ட போரும் உடன்படிக்கையும் அடுத்த பாகத்தின் நாளிதழ்ச் செய்தியிலும் சந்தைப் பேச்சிலும் தொடர்ந்து ஒலிக்கின்றன. தொடரின் ஜப்பானியப் பெயரான 'கிசேக்கி' என்பது கடந்துவந்த பாதையின் தடத்தைக் குறிக்கும் சொல். வேறு எழுத்துகளில் எழுதினால் அதே ஒலிக்கு 'அற்புதம்' என்ற பொருளும் உண்டு.

முதல் பாகத்தின் கட்டமைப்பே இந்த நிதானத்திற்கு இலக்கணம் வகுத்தது. பொதுமக்களைக் காக்கும் 'பிரேசர்' என்ற சங்கத்தில் பயிற்சிநிலை உறுப்பினர்களாகச் சேரும் எஸ்டெல், அவள் தந்தை வீட்டுக்கு அழைத்துவந்து வளர்த்த ஜோஷுவா ஆகிய இருவரும், முழுத் தகுதி பெறுவதற்காக நாட்டின் ஐந்து நகரங்களுக்கும் சென்று ஒவ்வொரு கிளையிலும் பரிந்துரை பெறவேண்டும். சாலை விளக்குகளை மாற்றுவது, வழிப்பயணிகளை அச்சுறுத்தும் விலங்குகளை விரட்டுவது போன்ற சில்லறை வேலைகளே பல மணி நேரத்திற்கு நீள்கின்றன. நாட்டின் ஆட்சியையே கவிழ்க்கத் திட்டமிடும் சதி, அந்த வேலைகளின் அடியில் மெல்ல மெல்லத் தலைகாட்டுகிறது. ஒரே ஆட்டமாகத் திட்டமிடப்பட்ட இக்கதை, நீளம் மிகுந்ததால் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. முதல் பாதி, ஜோஷுவா தன் கடந்தகாலத்தைச் சொல்லிவிட்டு எஸ்டெலைப் பிரிந்துசெல்லும் இரவில் நின்றுவிட, ஜப்பானிய ரசிகர்கள் மறுபாதிக்காக 2006 வரை காத்திருந்தனர். ஆங்கிலத்தில் ஆடியவர்களுக்கு அந்தக் காத்திருப்பு 2011 முதல் 2015 வரை நீண்டது.

பேச்சு மாறும் ஊர்கள்

பெரும்பாலான ஆட்டங்களில் தெருவில் நிற்கும் துணைமாந்தர்கள் எத்தனை முறை கேட்டாலும் ஒரே வாக்கியத்தையே சொல்வார்கள். ட்ரெயில்ஸ் தொடரிலோ அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயரும் தொழிலும் குடும்பமும் உண்டு. கதையில் ஒரு நிகழ்வு நடந்து முடிந்ததும் அவர்களின் பேச்சும் மாறிவிடுகிறது. காலையில் மனைவியோடு பிணங்கிய கடைக்காரர் மாலையில் சமாதானமாகியிருப்பார்; அடுத்த அத்தியாயத்தில் அவரே வேறு ஊருக்குச் சரக்கு வாங்கப் போயிருப்பார். முதன்மைக் கதையை மட்டும் பின்தொடர்பவர் இவற்றைக் காணாமலே கடந்துவிடலாம். நின்று விசாரிப்பவருக்கு ஊர் முழுவதுமே ஒரு தொடர்கதையாக விரிகிறது. கதைக்குள் அத்தியாயம் அத்தியாயமாகச் சேகரித்துப் படிக்கத்தக்க 'கார்னீலியா' போன்ற குறுநாவல்களும் வைக்கப்பட்டிருப்பதால், ஆடுபவர் தாமும் அந்த நாட்டின் வாசகர்களில் ஒருவராகிவிடுகிறார்.

இத்தகைய நிதானம் எதை ஈட்டித்தருகிறது என்பதற்கு ரென் என்ற சிறுமியே சிறந்த சான்று. 2006-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பதினொரு வயதுச் சிறுமியாக, எதிரிகளின் அணியில் அவள் அறிமுகமாகிறாள். பெற்றோர் தன்னைக் கைவிட்டுவிட்டனர் என்று அவள் நம்புவதன் பின்னணியை 2007-இல் வந்த மூன்றாம் பாகம் வெளிப்படுத்துகிறது. 2010-இல் வந்த 'ஸீரோ' பாகத்தில், பெற்றோர் தாம் இழந்த மகளைப் பற்றிப் பேசுவதை அவள் மறைந்திருந்து கேட்கிறாள். 2021-இல் தொடங்கிய 'டேபிரேக்' கதையில், பதினேழு வயதில் பள்ளி மாணவர் மன்றத் தலைவியாக வருகிறாள். ஒரு குழந்தையின் காயம் ஆறுவதற்கு வேண்டிய காலத்தை இத்தொடர் சுருக்காமல் கொடுத்ததால்தான், மாணவர் மன்றத்தில் அவள் சிரிக்கும் சாதாரணக் காட்சிக்குக்கூடக் கனம் கூடியது. ஐந்து மணி நேரத்தில் முடியும் கதையில் இதே மாற்றத்தைச் சொல்லலாம். ஆனால் அதை நம்பவைப்பது கடினம்.

நிகழ்வு ஒன்று, கோணம் இரண்டு

காலத்தை மெதுவாக நகர்த்துவதன் இன்னொரு பயன், ஒரே நிகழ்வை இரு பக்கமிருந்து காட்ட முடிவது. 2011-இல் வந்த 'அஸூர்' பாகத்தில் கிராஸ்பெல் நகரத்தில் நடக்கும் பன்னாட்டு வர்த்தக மாநாட்டின்மீது தாக்குதல் தொடுக்கப்படுகிறது. 2013-இல் வந்த 'கோல்ட் ஸ்டீல்' முதல் பாகம் கதைக்குள் அதே ஆண்டில், எல்லைக்கு அப்பால் பேரரசின் இராணுவப் பள்ளியில் நடப்பது. அங்குள்ள மாணவர்கள், அந்த மாநாட்டைக் குறிவைத்த பீரங்கிகளைத் தடுக்கப் போராடுகின்றனர். முந்தைய பாகத்தில் பேரரசை ஆக்கிரமிப்பாளனாகவே பார்த்துப் பழகியவர், இங்கு அதன் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் அமர வேண்டியிருக்கிறது. இரு நாட்டு அரசியலையும் அதனதன் மக்களின் வாயிலாக அறியவைக்கும் இந்த ஏற்பாட்டை, தொடரின் தலைசிறந்த இயக்க உத்தி என்றே சொல்லலாம்.

நிதானம் சலிப்பாகும் இடம்

எனினும் அதே 'கோல்ட் ஸ்டீல்' கதை நான்கு பாகங்களாக, 2018 வரை நீண்டபோது, உத்தியின் பலவீனமும் வெளிப்பட்டது. வகுப்பு, விடுமுறை நாள், செய்முறைத் தேர்வு, வெளியூர்ப் பயிற்சிப் பயணம் என்ற ஒரே வரிசை, முதல் பாகத்தின் அத்தியாயம்தோறும் திரும்புகிறது. எஸ்டெலின் ஊர்ச்சுற்றுக்கும் இதற்கும் வடிவத்தில் வேறுபாடு குறைவே. ஆனால் அங்கு ஒவ்வொரு நகரமும் சதியின் புதிய இழையொன்றைக் காட்டியது, இங்கோ பல அத்தியாயங்களின் முடிவில் எதிரிகள் தோன்றி, தங்கள் நோக்கத்தை மறைத்துப் பேசிவிட்டு, மோதலின் நடுவிலேயே விலகிச் செல்கின்றனர். மணிக்கணக்கில் உழைத்தும் நிலைமை பெரிதும் மாறாதபோது, பொறுமை சலிப்பாகிறது.

அதைவிடப் பெரிய குறை, நடந்தவை நிலைக்காமல் போவது. 'கோல்ட் ஸ்டீல்' இரண்டாம் பாகத்தின் உச்சத்தில் உயிர்விடும் நண்பன் பின்னர் திரும்பிவருகிறான். அவனுக்காக ஆடுபவர் கொண்ட துயரம் பின்னோக்கிப் பார்க்கையில் மதிப்பிழக்கிறது. பேரரசின் போர்வெறிக்குக் காரணம் மேட்டுக்குடியின் பேராசையும் தலைமை அமைச்சர் ஆஸ்போர்னின் அரசியலும் என்று முந்தைய பாகங்கள் நுணுக்கமாகக் காட்டியிருக்க, இறுதியில் அதன் பெரும்பகுதி பழங்காலச் சாபம் ஒன்றின்மீது சுமத்தப்படுகிறது. 2007 முதல் வளர்த்தெடுத்த ஓர் அரசியல் மாந்தரின் பொறுப்பை இவ்வாறு குறைப்பது, பதினோரு ஆண்டு நிதானத்தைத் தானே வீணாக்கிக்கொள்வதாகும். 2022-இல் வந்த 'டேபிரேக்' இரண்டாம் பாகத்தில் இப்போக்கு எல்லை கடந்தது: மாந்தர்கள் கொல்லப்படுவதும் காலம் பின்னோக்கித் திரும்பி அவர்கள் பிழைப்பதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்ததால், மரணம் ஆடுபவரைத் திடுக்கிடவைக்கும் ஆற்றலை இழந்தது.

இதன் பின்னணியில் தயாரிப்பு நடைமுறையும் உண்டு. ஃபால்காம் சிறிய நிறுவனம். தொடரின் தொடக்கத்திலேயே பங்கேற்ற தோஷிஹிரோ கோண்டோ 2007 முதல் அதன் தலைவராக இருக்கிறார். பெரும் முதலீட்டில் காட்சிகளை உருவாக்கும் நிறுவனங்களோடு போட்டியிட முடியாத இந்நிறுவனம், ஒரு பாகத்திற்காக வடிவமைத்த நகரங்களையும் மாந்தர்களையும் அடுத்த பாகத்திலும் பயன்படுத்தி, மிச்சமாகும் உழைப்பை உரையாடலில் செலுத்துகிறது. ஊர்களின் மாறும் பேச்சு இந்தச் சிக்கனம் தந்த கொடை. அதே ஊர்களில் அதே வரிசையில் அலையவைக்கும் அலுப்பும் அதே சிக்கனத்தின் விளைவுதான்.

கதைநகர்வின் வேகத்தை மணிக்கணக்கில் அளப்பது பொருந்தாது என்பதையே இத்தொடர் உணர்த்துகிறது. மாறியது மாறியதாகவே நிற்கும்வரை, எவ்வளவு மெதுவான கதையும் முன்னேறிக்கொண்டிருக்கிறது. மாற்றங்கள் திரும்பப் பெறப்படும்போது, எவ்வளவு விரைவான கதையும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ரென் வளர்ந்தது திரும்பப் பெறப்படவில்லை, அதனால் அவள் கதை நிலைத்தது. இறந்தவர்களின் மரணம் திரும்பப் பெறப்பட்டது, அதனால் அந்தக் கதை தளர்ந்தது. முதல் பாகத்தின் கதைப்போக்கைத் தக்கவைத்து, புதிய காட்சியமைப்போடு ஃபால்காம் 2025 செப்டம்பரில் அதை மீண்டும் வெளியிட்டுள்ளது. இத்தொடருக்குள் நுழைய விரும்புவோர் அங்கிருந்தே தொடங்குவது நல்லது. நடுவில் நுழைபவருக்கு ரென் யாரென்பது தெரியும், அவள் ஏன் மறைந்திருந்து கேட்டாள் என்பது தெரியாது.