குப்பை கம்பெனிக்கு, 7 ஆயிரம் ரூபாய் யாருக்கு?

விடியுமுன் தெரு கூட்டும் கைகளுக்கு 2025 ஆகஸ்டில் விழுந்தது இடி!

சென்னை ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலை தனியாருக்குப் போனது. மாநகராட்சியில் மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் வாங்கியவர்கள், "கம்பெனியில் 16 ஆயிரம்தானாம்" என்று கொதித்தார்கள்.

கணக்குப் போடுங்க! மாசம் 7 ஆயிரம் என்றால் வருஷம் 84 ஆயிரம். வீட்டு வாடகை பாக்கி விழும். மளிகைக் கடையில் கடன் நோட்டு தடிக்கும். தொழிலாளி கை காய்ந்தால் கடைக்காரர் கல்லாவும் காயும்.

"பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டு, யாருக்கும் வேலை போகாது" என்றது மாநகராட்சி.

தொழிலாளிகள் கேட்கவில்லை. ஆகஸ்டு 1 முதல் 13 நாள் ரிப்பன் மாளிகை முன் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். பெண்களே அதிகம். 13-ந் தேதி நள்ளிரவு, ஐகோர்ட்டு உத்தரவைக் காட்டி போலீசார் அவர்களைக் கைது செய்து பஸ்சில் ஏற்றினர்.

மறுநாளே காலைச் சாப்பாடு உள்பட 6 திட்டங்களை அரசு அறிவித்தது. சம்பளக் கணக்கு தீரவில்லை.

சென்னைக்கு இது புதுசல்ல. 2000-ம் ஆண்டிலேயே 3 மண்டலங்களில் 'ஓனிக்ஸ்' வண்டி ஓடியது.

குப்பை வேலையில் செலவு மூன்று: வண்டி, டீசல், கூலி. வண்டி விலையும் டீசல் விலையும் கம்பெனி சொன்னபடி கேட்காது. குறைக்க முடிந்தது கூலி ஒன்றுதான்!