விடுதிக்குப் போகும் பெட்டி

இல்லம் விட்டு விடுதி புகும் மாணாக்கனுக்கு வேண்டுவன யாவை?

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான என் மாணவன் ஒருவன் நீண்ட பட்டியலொன்றோடு வந்தான். அவற்றை வாங்க அவன் தாயார் தம் காப்பை ஈடுவைக்கத் துணிந்திருந்தார். பகட்டுக்குரியவற்றையெல்லாம் வெட்டினேன். எஞ்சியவை ஆறு: ஏறத்தாழ 1,500 அடி உயரத்து இரவுக் குளிருக்குத் தடித்த போர்வை, மலைநாட்டு மழைக்குக் குடை, நுளம்பு வலை, வாளி, மேசை விளக்கு, உறுதியான பூட்டு. அறையோ பிறரோடு பகிர்வது. மிகையாக நாம் அடைக்கும் ஒவ்வொரு சாணும் அயலான் இடமன்றோ!

“ஐயா, தமிழகராதி?” என்றான்.

“எடுத்துச் செல்லற்க, அது நூலகத்தில் உண்டு. அங்கு நாடோறும் போதற்கு அதுவே காரணமாகட்டும்” என்றேன்.

பெட்டி இலேசாயிற்று. தாயின் காப்பும் கையிலேயே தங்கிற்று.