தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை அளந்து பாருங்கள்!

வெயில் ஏறுவதற்குள் மருந்து அடித்து முடித்துவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே வயலில் இறங்கியிருப்பார்கள். முதல் டேங்க் நன்றாக ஓடும். இரண்டாவது டேங்க் பாதியில் தெளிப்பு மெலிந்து, சொட்டாகி, நின்றுவிடும். கலந்து வைத்த மருந்தும் அன்றைய ஆள் கூலியும் வீண். பூச்சி மட்டும் நிற்காமல் தின்றுகொண்டிருக்கும். 'மிஷின் போச்சு' என்ற முடிவோடு அடுத்த நாளே கடைக்குப் போய்ப் புது ஸ்பிரேயர் வாங்கி வருவோர் பலர்.

பழைய ஸ்பிரேயர் மாட்டுக்கொட்டகை மூலைக்குப் போய்விடும். அங்கே ஏற்கெனவே ஒரு டார்ச் லைட், ஒரு எமர்ஜென்சி விளக்கு, இரண்டு செல்போன் கிடக்கும். இவற்றில் பெரும்பாலானவை உண்மையில் கெட்டுப்போனவை அல்ல. ஓய்ந்தது பேட்டரி, அல்லது கழன்றது ஒரு ஒயர், அல்லது சார்ஜர் வேலை செய்யவில்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும்.

ஓய்ந்தது மிஷினா, பேட்டரியா?

முதுகில் மாட்டும் பேட்டரி ஸ்பிரேயர்களில் பலவற்றில் 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் அளவுள்ள, மூடிய வகை ஈய-அமில பேட்டரி இருக்கும். அடிப்பெட்டியைத் திறப்பதற்கு முன்பு டேங்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து படிந்த மிஷினை வெறுங்கையால் பிரிக்கக் கூடாது.

முழுவதும் சார்ஜ் போட்டு, சார்ஜரைக் கழற்றி, நான்கைந்து மணி நேரம் கழித்து மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து பேட்டரி முனைகளில் தொட்டுப் பாருங்கள். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் நிற்கிறது. பிறகு பம்ப்பை ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். சில நிமிடங்களிலேயே 11 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. பேட்டரியை மட்டும் மாற்றினால் மிஷின் பழையபடி ஓடும்.

வோல்ட் இறங்கவே இல்லை, ஆனால் தெளிப்பு மட்டும் மெலிகிறது என்றால் குற்றம் பேட்டரி மீது இல்லை. நாசில், கைப்பிடிக்குள் இருக்கும் வடிகட்டி, டேங்க் அடியில் இருக்கும் வடிகட்டி மூன்றையும் கழற்றிக் கழுவுங்கள். பல நேரங்களில் அதோடு வேலை முடிந்துவிடும்.

சார்ஜரைச் சந்தேகப்பட்டால், சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி முனைகளில் அளக்கலாம். வோல்ட் மெல்ல மெல்ல 13.5-ஐத் தாண்டி ஏற வேண்டும். அசையாமல் அப்படியே நின்றால் சார்ஜர், சார்ஜ் பின், உள்ளே போகும் ஒயர் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சார்ஜரை மட்டும் நாமே பிரிக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

ஈய-அமில பேட்டரியைச் சீக்கிரம் கொல்வது, சார்ஜ் இல்லாமல் சும்மா போட்டு வைப்பதுதான். காலியாகக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் சல்பேட் உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜ் போட்டாலும் பிடிக்காது. மருந்து அடிக்கும் காலம் முடிந்ததும் முழு சார்ஜ் போட்டு எடுத்து வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் போட்டு வந்தால் அடுத்த போகத்துக்கும் அதே பேட்டரி கைகொடுக்கும்.

டிராக்டர் செல்ஃப் எடுக்கவில்லையா?

சாவியைத் திருப்பினால் 'டக்... டக்' என்று மட்டும் சத்தம் வருகிறதா? பேட்டரி முனையை முதலில் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் சரியாகப் போகாது. சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவித் துடைத்து, இறுக்கமாக மாட்டி, மேலே வாசலின் தடவினால் போதும். கழுவும் தண்ணீர் பேட்டரி மூடி வழியாக உள்ளே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது முதலில் மைனஸ். மாட்டும்போது கடைசியில் மைனஸ். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

அதற்குப் பிறகும் எடுக்கவில்லை என்றால், செல்ஃப் அடிக்கும்போது ஒருவர் மல்டிமீட்டரைப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது அது ஓய்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் 'டைனமோ' சார்ஜ் ஏற்றவில்லை. இது தெரியாமல் புது பேட்டரி வாங்கிப் போட்டால், அதுவும் சில நாள்களில் படுத்துவிடும்.

பழைய வண்டிக்குப் புது வசதி

பழைய காரிலும் சரக்கு வேனிலும் இருக்கும் பாட்டுப்பெட்டியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. எஃப்.எம். வேலை செய்தால், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் புளூடூத் கருவி ஒன்றே போதும். செல்போனில் இருக்கும் பாட்டும் பேச்சும் பழைய ஸ்பீக்கரிலேயே கேட்கும். செல்போனுக்கு சார்ஜ் போடும் வசதியும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

டிராக்டரில் எல்.இ.டி. விளக்கோ சார்ஜ் பின்னோ கூடுதலாக வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தால், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஒயர் எங்காவது உரசித் தோல் உரிந்து இரும்பில் பட்டால், ஃபியூஸ் இல்லாத வண்டி தீப்பிடிக்கும். தகடு வடிவ ஃபியூஸ்களில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. போன ஃபியூஸ் என்ன நிறமோ அதே நிறம்தான் போட வேண்டும். அடிக்கடி போகிறது என்று பெரிய ஃபியூஸோ கம்பியோ வைப்பது, வண்டிக்கு நாமே தீ வைப்பதற்குச் சமம்.

செல்போன்: கொடுப்பதற்கு முன் கவனம்

சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிள், வேறு சார்ஜர் போட்டுப் பாருங்கள். அடுத்து, போனை அணைத்துவிட்டு, சார்ஜ் துளையில் அடைந்திருக்கும் தூசியையும் பஞ்சையும் மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். ஊசி, கம்பி ஆகாது. சட்டைப்பையிலும் வயல் புழுதியிலும் கிடக்கும் போன்களில் இது அடிக்கடி வரும் கோளாறு.

பின்பக்கம் உப்பிய போனை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போடவோ கூடாது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. உடனே கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைப்பதால் பெரிய பயன் இல்லை; மாவுத்தூள்தான் உள்ளே போகும். அணைத்து, துடைத்து, சார்ஜ் போடாமல் சீக்கிரம் பழுது பார்ப்பவரிடம் கொண்டு போவதே நல்லது.

வங்கிக் கணக்கும், உதவித்தொகைக்கு வரும் ஓ.டி.பி.யும் இன்று அந்த ஒரு போனில்தான். கடையில் கொடுப்பதற்கு முன் சிம் கார்டையும் மெமரி கார்டையும் கழற்றிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஸ்பிரேயருக்கு லித்தியம் பேட்டரி போடலாமா?

போடலாம். முதுகில் சுமப்பவருக்கு எடை நன்றாகவே குறையும். ஆனால் 12.8 வோல்ட் 'லித்தியம் அயர்ன் பாஸ்பேட்' வகையாக, பாதுகாப்பு சர்க்யூட் உள்ளதாக, பெட்டிக்குள் பொருந்தும் அளவாகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்கென்றே உள்ள சார்ஜரையும் சேர்த்து வாங்குங்கள். பழைய சார்ஜரைப் போடக் கூடாது. இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வருடத்தில் சில நாள் மட்டும் அடிப்பவருக்கு ஈய-அமில பேட்டரியே போதும்.

உதிரிபாகம் இல்லை என்கிறார்களா?

'இது பழைய மாடல், சாமான் வராது, புதுசு வாங்கிக்கோங்க' என்ற பதில் எல்லாக் கடையிலும் கேட்பதுதான். இதற்காகவே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ம் ஆண்டு 'பழுது பார்க்கும் உரிமை' பற்றி ஆராயக் குழு அமைத்தது. அதில் எடுத்துக்கொள்ளப்பட்ட துறைகளில் செல்போன், வாகனம் ஆகியவற்றோடு விவசாயக் கருவிகளும் உண்டு. வாரண்டி இருந்தும் சரிசெய்து தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரமாக வைத்திருப்பது அதற்காகத்தான்.

மாற்றிய பழைய பேட்டரியைக் குப்பைமேட்டிலோ கிணற்றோரத்திலோ போட வேண்டாம். அதில் இருக்கும் ஈயம் மண்ணுக்கும் தண்ணீருக்கும் விஷம். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால், ஈய-அமில பேட்டரிக்கு விலையில் கழித்துக்கொள்வார்கள்.

அடுத்த மருந்து அடிப்புக்கு இன்னும் நாள் இருக்கும்போதே, கொட்டகை மூலையில் கிடப்பதை ஒருமுறை எடுத்துத் துடைத்து அளந்து பாருங்கள். பேட்டரி விலையில் முடிகிற வேலைக்கு மிஷின் விலை கொடுக்க வேண்டியதில்லை.